நரி வராத தொட்டில்

பகல் பதினொன்றரை மணிக்கு வான்மதி தூக்கத்தில் சிரித்தாள்.

சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. பொக்கை வாய்ச் சிரிப்பு. வாய் நிறையப் பல் இருக்கிற இருபத்தேழு வயதுக்காரிக்குப் பொக்கை வாய்ச் சிரிப்பு எப்படி வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், வந்தது. கையில் காபி தம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்த அவள் கணவன் நவநீதன் அப்படித்தான் சொன்னான். கன்னம் உப்பி, நாக்கு நுனி தெரிய, ஒரு நொடி மலர்ந்து அணைந்ததாம். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அது அவள் சிரிப்பாகவே இல்லை என்றான்.

அவளுக்கு எதிரே, உத்தரத்துக் கொக்கியில் கட்டிய சேலைத் தூளியில், இருபத்தாறு நாள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளிர் மஞ்சள் சேலை, வான்மதியின் அம்மாவுடையது. குழந்தையின் தலையில் ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி. வான்மதியின் நெற்றியில் அதே துணியில் ஒரு பட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் அங்கே தூங்கியது ஒரு தூக்கம்தான். குழந்தை தூங்கியது, அம்மா அதை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கம் அதற்கு 'துயில் பகிர்வுச் சாதனம்' என்று பெரிய பெயர் வைத்திருந்தது. திருப்பூர் சனம் அதை 'இரவல் தொப்பி' என்று சொல்லிவிட்டுப் போனது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, குழந்தைக்குச் சோப்பு, கொசுவலை கொடுக்கிற பெட்டியிலேயே அதையும் வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு டாக்டர் அம்மா விளக்கிச் சொன்னதெல்லாம் நவநீதனுக்கு இன்னும் மனப்பாடம்.

"பொறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் தூங்குதுப்பா. அதுல பாதி கனவுத் தூக்கம். பெரியவங்களுக்கு அந்த அளவு கெடைக்கவே கெடைக்காது. அதுல ஒரு அரை மணி உங்க வீட்டம்மாவுக்குப் போனா, நாலு மணி நேரம் அடிச்சுப் போட்டாப்புல தூங்கின தெம்பு வந்துடும்."

"பாப்பாவுக்குக் கொறைஞ்சு போயிடாதுங்களா?"

"கெணத்துல ஒரு கொடம் மொண்டா கெணறு வத்திடுமா? ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அரை மணிதான். அது மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

வான்மதி முதல் பத்து நாள் தொப்பியைத் தொடவேயில்லை. பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்கித் தின்கிற தாய் உண்டா என்று அவளுக்கு ஒரே அருவருப்பு. ஆனால் உதவிக்கு ஆள்? நவநீதனின் அம்மா தாராபுரத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். வான்மதியின் அம்மா வால்பாறையில், தேயிலை எஸ்டேட்டில், இவள் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னால் செத்துப் போயிருந்தாள். காலையில் கொழுந்து பறிக்கப் போனவள் கூடையோடு சரிந்தாள், அவ்வளவுதான். வான்மதிக்கு அப்போது எழுந்து நடக்கவே கூடாது என்று உத்தரவு. மலைப் பாதையில் வண்டியில் போவதாவது! அம்மாவின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கவில்லை. அவள் அழவும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அழுகை எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பதினோராம் நாள், உட்கார்ந்தபடி பால் கொடுக்கும்போதே அவளுக்குக் கண் சொருகிவிட்டது. விழித்தபோது குழந்தை மடியிலிருந்து நழுவி, கட்டில் விளிம்பில், ஒரு கால் வெளியே தொங்கக் கிடந்தது. இன்னும் ஒரு விரற்கடை. அவ்வளவுதான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பட்டையை எடுத்து நெற்றியில் கட்டினாள்.

அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வது? அதில் உருவம் இல்லை. எங்கும் பால் கலந்த மாதிரி ஒரு வெள்ளை வெளிச்சம். வால்பாறை மூடுபனிதான் இது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வெள்ளைக்குள் ஒரு சூடு. அந்தச் சூட்டுக்குள் யாரோ இருந்தார்கள். யாரோ என்ன, அம்மாதான். வேறு யார் அப்படி இருப்பார்கள்? தலைவலித் தைல வாசனை வந்தது. ஒரு கை அவள் முதுகில் தட்டியது. தட்டு, தட்டு, தட்டு என்று போய், ஓரிடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. நாக்கில் இனிப்பாக ஏதோ இருந்தது. எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து இன்று வரை அவள் அப்படி எதுவும் வேண்டாதவளாக இருந்ததேயில்லை.

அப்போது ஒரு நரி வந்தது.

நரியின் முகம் தெரியவில்லை. வால் மட்டும் வெள்ளைக்குள் அசைந்தது. அது காதருகே வந்து, "உங்கம்மா செத்துட்டா" என்றது.

அவள் சிரித்தாள். சுத்தப் பொய். இதோ இருக்கிறாள், இதோ தட்டுகிறாள், வாயில் இனிப்புகூடக் காயவில்லை! அந்தச் சிரிப்பைத்தான் நவநீதன் அன்றும் பார்த்தான், இன்றும் பார்த்தான்.

இப்போது சொல்லுங்கள், அப்படி ஓர் இடத்துக்கு வழி தெரிந்தவள் ஒரு நாளைக்கு ஒரு தடவையோடு நிறுத்துவாளா? ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. நவநீதன் பனியன் கம்பெனிக்கு நிட்டிங் மிஷின் ஷிப்டுக்குப் போன பிறகு, குழந்தை எப்போது கண் மூடும் என்று தூளியோரம் காத்துக்கிடந்தாள். பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், கொட்டாவி வருகிறதா என்று வாயையே பார்த்தாள். பிள்ளை விழித்துச் சிணுங்கினால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு எரிச்சல் வந்தது. அதை நினைத்துப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

இருபத்தேழாம் நாள் காலையில் ஜெபக்கனி வந்தாள். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவர அமர்த்திய நர்ஸ். நாசரேத்துக்காரி, வான்மதியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்து, திரும்ப மாட்டும்போதுதான் நிறுத்துவாள். நவநீதனுக்கு அன்று ஷிப்டு இல்லை, பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டான்.

ஜெபக்கனி குழந்தையை எடை போட்டாள், தொப்புளைப் பார்த்தாள், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பால் குடித்துத் தூங்கிய குழந்தையைத் தூளியில் போட்டதும் அவள் கிளம்புவாள் என்று வான்மதி எதிர்பார்த்தாள். அவளோ சேரைத் தூளிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் மணி போனது, அரை மணி போனது. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே வான்மதிக்குப் பயமாக இருந்தது.

"என்ன சிஸ்டர் பாக்குறீங்க?"

"நரி வருதான்னு பாக்குதேன்க்கா."

வான்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்த நரி?"

"எந்த நரியா? ஏ யம்மா! பிள்ள பெத்த வீட்டுல கேக்குற கேள்வியா இது? தூக்கத்துல வந்து பச்சப் பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்டுமே, அந்த நரி. உங்கம்மா செத்துட்டான்னு சொல்லுமாம். போ நரி, இப்பத்தான பால் குடிச்சேன்னு பிள்ள சிரிக்குமாம். உங்கப்பன் செத்துட்டான்னு சொன்னா அழுமாம்."

"அதென்னங்க சிஸ்டர், அப்பனுக்கு மட்டும் அழுகாச்சி?" என்றான் நவநீதன்.

"நீங்க எங்க பால் குடுத்தீங்க? அப்பன் இருக்கானா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதான் நம்பிருது."

நவநீதன் சிரித்தான். ஜெபக்கனி சிரிக்கவில்லை.

"தொப்பி போடாத வீடு என் கணக்குல அஞ்சு இருக்கு. அஞ்சுலயும் நரி வருது. தொப்பி போட்ட வீட்டுல அம்மாமாரு தூக்கத்துல சிரிக்காங்க, பிள்ள சிரிக்க மாட்டேங்கு. ஒரு வீட்டுல இல்ல, எல்லா வீட்டுலயும். மேல சொன்னேன். எடை ஏறுதா, ஏறுது. பால் குடிக்கா, குடிக்கு. நரிக்கெல்லாம் ஃபாரத்துல கட்டம் கெடையாது, போய் வேலையப் பாருன்னுட்டாங்க."

"நரி வரலைன்னா என்னங்க ஆகும்?" நவநீதனின் குரல் இறங்கிவிட்டது.

"தெரியலண்ணே. அதான் பயமே. முழிச்சிருக்கையில பாத்தது, கேட்டது, மோந்தது எல்லாத்தையும் பிள்ள அந்தத் தூக்கத்துலதான் திரும்ப எடுத்துப் பாக்குமாம். இது அம்மா, இது வெளிச்சம், இது சத்தம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சிக்கிடுமாம். படிக்கையில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அந்தத் தூக்கத்த நாம எடுத்துக்கிட்டா அது எங்க போய் எடுத்து வைக்கும்?" என்று சொல்லிவிட்டு வான்மதியைப் பார்த்தாள். "அக்கா, ஒரு நாளைக்கு ஒரு தடவதான போடுதீங்க?"

"ம்."

"ஒரு தடவதானா?"

"அதான் சொல்றேன்ல!"

ஜெபக்கனி பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நெற்றி படுகிற இடத்தில் துணி நைந்து, தைலக் கறை பழுப்பேறியிருந்தது. மாதம் ஆறானாலும் அப்படி நையாது. அவள் அதை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத நான் கொண்டு போறேன்க்கா."

வான்மதிக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. பாய்ந்து பட்டையைப் பிடித்தாள்.

"குடுங்க. குடுத்துடுங்க சிஸ்டர். நான் தூங்குறதுக்கா போறேன்? எங்கம்மாவப் பாக்கப் போறேன்!"

பிடித்த பிடியை அவள் விடவில்லை.

"நீங்க எல்லாரும் கடைசியா உங்க ஆளுங்க மொகத்தப் பாத்திருப்பீங்க. நான் பாக்கல. இதுலதான் இருக்கு எங்கம்மா. இந்தத் தூக்கத்துலதான் இருக்கு. கிட்டயே இருக்கு, தைலம் மணக்குது, முதுகுல தட்டிக் குடுக்குது. தட்டிட்டே வந்து ஒரு எடத்துல நிக்கும், அப்புறம் மறுபடி தட்டும். நரி வந்து செத்துட்டான்னு சொல்லுது, நான் சிரிக்கிறேன். எனக்கு அங்க மட்டுந்தான் எங்கம்மா சாகல. அதையும் பிடுங்கிட்டுப் போகணுமா நீங்க?"

அவள் குரல் உடைந்தது. ஆனால் கண்ணில் நீர் வரவில்லை. வறண்டு சிவந்து கிடந்தது.

ஜெபக்கனி பட்டையை விட்டுவிட்டாள். அவளும் நேற்றுப் பிறந்தவள்தான், இதற்கெல்லாம் என்ன சொல்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்: "இந்தப் பிள்ளைக்கு நரி வந்ததே இல்லையா? ஒரு தடவகூடவா?"

"வந்துச்சுங்களே" என்றான் நவநீதன். "ஆஸ்பத்திரில, நாலா நாளு. நான் போன்ல புடிச்சு வச்சிருக்கனுங்க."

அவன் போனை எடுத்துத் தேடினான். மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் குழந்தை, அப்போது இன்னும் சுருங்கிய முகம். தூக்கத்தில் புருவம் ஏறி இறங்கியது. உதடு ஒரு பக்கம் கோணியது. பிறகு கன்னம் உப்பி, நாக்கு நுனி தெரிய, ஒரு பொக்கை வாய்ச் சிரிப்பு.

"பாத்தீங்களா, நரி!" என்றாள் ஜெபக்கனி.

நவநீதனுக்கு அது நரியாகத் தெரியவில்லை. இருபத்தாறாம் நாள் பகல் பதினொன்றரைக்கு அவன் பார்த்த அதே சிரிப்பு. அச்சு அசல். அவன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

வான்மதி படத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. துணி மேல் உள்ளங்கை படுகிற சத்தம். தட்டு, தட்டு, தட்டு. படத்துக்கு வெளியே யாரோ குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போய், ஓரிடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நின்றது. பிறகு மறுபடி.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள் வான்மதி.

போட்டான். இந்த முறை அவள் விரல் தன்னையறியாமல் எண்ணியது. நான்கு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், டஜன் டஜனாக எண்ணிக் கட்டுகிற கை. மாடிப்படி ஏறினாலும் பன்னிரண்டில் ஒரு நொடி நின்று, மறுபடி ஒன்று என்றுதான் ஏறுவாள். கம்பெனியில் எல்லோருக்கும் அது கேலி.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று.

"மாமா, இது யாரு தட்டறது?"

"நீதான் அம்மிணி. வேற யாரு? இப்பவும் அப்படித்தான தட்டற. டஜன் டஜனா தட்டித் தூங்க வைக்கறான்னு நான் கம்பெனில சொல்லிச் சிரிச்சனே."

அவள் அம்மா வாழ்க்கையில் எதையும் டஜனாக எண்ணியதில்லை. கொழுந்துக்கு எடைதான். தட்டிக் கொடுக்கவும் அவளுக்கு எங்கே நேரம் இருந்தது? கூடை சுமந்த தோளும் தேயிலைக் கறை படிந்த விரலும்தான் வான்மதிக்குத் தெரிந்த அம்மா. தலைவலித் தைலம் அம்மா போட்டதே கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு தலைவலி என்று வேளைக்கு ஒரு தரம் நெற்றியில் தடவிக்கொள்கிறவள் வான்மதி.

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அது எங்கம்மா இல்ல" என்றாள். "பாப்பாவோட அம்மா. நான் இத்தன நாளா என்னைத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்."

ஜெபக்கனிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வான்மதிக்கு இரண்டும் சேர்ந்து வந்து மோதின. அம்மா அங்கே இல்லை, எங்கேயும் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றும். கட்டில் விளிம்பு வரை பிள்ளையை நழுவ விட்டவள், சிணுங்கினால் எரிச்சல்படுகிறவள், நல்ல தாயே இல்லை என்று தினமும் தன்னைத் திட்டிக்கொள்கிறவள், அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் அப்படி இருந்தாள். அவ்வளவு சூடாக. எதுவுமே வேண்டாதபடி. இந்தப் பிள்ளை தன்னை அப்படியா வைத்திருக்கிறது! அதைத்தான் நாளுக்கு நான்கு தடவை அவள் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போய், குழந்தையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஊதினாள். தொப்பியையும் பட்டையையும் ஜெபக்கனியின் கையில் கொடுத்தாள்.

"நான் இனி எப்படித் தூங்குவேன் சிஸ்டர்?"

"மத்தியானம் ஒரு மணி எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்றாள் ஜெபக்கனி. "நான் எங்க உக்காந்து சாப்பிட்டா யாருக்கென்ன? டிபன் பாக்ஸத் தூக்கிட்டு இங்க வாரேன். பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன், நீங்க படுங்க. அண்ணே, காலைல நீங்க. வெந்நி போடத் தெரியும்லா?"

"பழகிக்கறனுங்க."

"பழகுங்க. உங்கப்பன் செத்துட்டான்னு நரி சொன்னாலும் அது சிரிக்கணும்லா."

*

அதன் பிறகு வந்த நாள்கள் சுலபமாக இருந்தன என்று சொன்னால் பொய். வான்மதி காபியில் உப்பைப் போட்டாள். நவநீதன் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தயார் பண்ணிவிட்டு அது ஆற ஒரு மணி நேரம் விசிறினான். ஜெபக்கனி சொன்ன சொல் தவறாமல் மத்தியானம் வந்து, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் புளிச்சோறுமாக உட்கார்ந்தாள். வான்மதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். சாதாரணத் தூக்கம், சொந்தத் தூக்கம். அதில் வெள்ளை வெளிச்சமும் இல்லை, வாசனையும் இல்லை. நரி மட்டும் குழந்தைக்கு வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. எடுத்தது எடுத்ததுதானோ, கிணறு வற்றியே விட்டதோ என்று வான்மதிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம். ஜெபக்கனி வந்து டிபன் பாக்ஸைத் திறந்தும் வான்மதி படுக்கவில்லை. குழந்தை அவள் மடியிலேயே தூங்கிவிட்டிருந்தது. அடுப்படியில் நவநீதன் துணி அலசுகிற சத்தம் கேட்டது. வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடந்தது.

குழந்தையின் புருவம் ஏறி இறங்கியது.

ஜெபக்கனியின் கை, வாய்க்குப் போகிற வழியில், சோற்றோடு நின்றுவிட்டது.

உதடு ஒரு பக்கம் கோணியது. நின்றது. ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நினைக்கும்போது, கன்னம் உப்பி, நாக்கு நுனி தெரிய, குழந்தை சிரித்தது.

"ஏ யம்மா" என்றாள் ஜெபக்கனி, மூச்சாக.

நரி வந்துவிட்டது. என்ன சொல்லியிருக்கும் என்று வான்மதிக்குத் தெரியும், அந்தக் குரலை அவளே கேட்டிருக்கிறாள். உங்கம்மா செத்துட்டா. பிள்ளை அதை நம்பவில்லை. இதோ சூடு, இதோ தைலம், இதோ தட்டுகிறாள், வாயில் பால்கூடக் காயவில்லை.

உங்கம்மா செத்துட்டா.

இந்தத் தடவை வான்மதி நம்பினாள். மூன்று மாதமாக உள்ளே போய் உட்கார்ந்திருந்த அழுகை எழுந்து வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல், "அம்மா, அம்மா" என்று அழுதாள். நவநீதன் ஈரக் கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றான். ஜெபக்கனி அவனை வாய் திறக்க வேண்டாம் என்று சைகை காட்டினாள். அழுகைச் சத்தத்தில் குழந்தை நெளிந்து, முகத்தைச் சுளித்தது.

"வந்துட்டேன்டா தங்கம், இங்கதான் இருக்கேன்" என்று அழுதுகொண்டே சொன்னாள் வான்மதி.

அவள் கை நிற்கவேயில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு நொடி நிறுத்தினாள். மறுபடி ஒன்று என்று தொடங்கித் தட்டிக் கொடுத்தாள்.